தாம்பரத்து நீரும் காற்றும்



ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஏழெட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைதோறும் என் தந்தையார் என்னை மாம்பலத்தில் மின்சார ரயிலில் ஏற்றித் தாம்பரத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கே பச்சைமலையின் அடிவாரத்தில் இருந்த காசநோய் மருத்துவமனையில் என் பெரியப்பா தங்கியிருந்தார். டாக்டர் சௌரிமுத்து என்பவர் 1928-ஆம் ஆண்டில் தனியார் நிலையமாகத் தொடங்கி, பின்னர் 1937-இல் அரசாங்கத்தின் வசமான மருத்துவமனை அது. வரிசை வரிசையாக மரங்கள். அவற்றின் நடுவே காற்றோட்டமான தாழ்வாரங்கள். பெரியப்பா எங்களைக் கண்டதும் முதலில் நலம் விசாரிக்கமாட்டார். "இந்தக் காற்றை நன்றாக இழுத்து விடு, அப்பா. பட்டணத்தில் இது கிடைக்காது," என்பார். திரும்பும்போது என் பாட்டிக்கென்று ஒரு கூஜாவில் அவ்வூர்க் கிணற்று நீரையும் கொண்டு செல்வோம். தாம்பரத்துத் தண்ணீரில் பருப்பு விரைவில் வேகும் என்பது பாட்டியின் அசையாத நம்பிக்கை.

காற்று நோயைத் தீர்த்தது என்று நான் சொன்னால் அது விஞ்ஞானம் ஆகாது. 1956-இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆராய்ச்சி ஒன்று, முறையாக மருந்து உட்கொண்டால் காசநோயாளர் தம் சொந்த வீட்டிலிருந்தபடியே குணமடையலாம் என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியது. பெரியப்பாவைக் காத்தது மருந்தே. ஆயினும், நல்ல நீருக்கும் நல்ல காற்றுக்குமாக மக்கள் நாடி வந்த ஊர் என்ற பெயர் தாம்பரத்துக்கு ஒரு காலத்தில் இருந்தது என்பது உண்மை. அப்பெயர் என்னவாயிற்று, ஏன் அவ்வாறாயிற்று என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் பல ஆண்டுகள் பள்ளியில் இரசாயனம் கற்பித்தவன். 1990 முதல் சிட்லபாக்கத்தில் வசிப்பவன். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

முதலில், நன்னீர் எவ்வளவு அரியது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். உலகத்திலுள்ள நீர் அனைத்தையும் 1,000 லிட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் 975 லிட்டர் உப்பு நீர். எஞ்சிய 25 லிட்டரே நன்னீர். அந்த 25-லும் சுமார் 17 லிட்டர் பனிப்பாறைகளாக உறைந்து கிடக்கிறது. ஏழரை லிட்டர் அளவு நிலத்துக்கு அடியில் இருக்கிறது. உலகத்து ஆறுகளிலும் ஏரிகளிலும் உள்ள நன்னீர் முழுவதும் சேர்ந்து எவ்வளவு தெரியுமா? சுமார் 75 மில்லிலிட்டர். அரை டம்ளருக்கும் குறைவு! நாம் கண்ணால் கண்டு, கையால் அள்ளும் நன்னீர் இவ்வளவே. ஆகவே, அது போனால் நிலத்தடி நீரை நாடுகிறோம். அதுவும் கெட்டால் நாட வேறு இடமில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். பல்லாவரம், திரிசூலம், தாம்பரம் ஆகிய பகுதிகளின் அடியில் மிகப் பழைமையான கரும்பாறை ஒன்று உள்ளது. பரங்கிமலையும் அதே பாறையால் ஆனதே. புவியியல் அறிஞர் ஹாலந்து என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை ஆராய்ந்து 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதே அப்பெயருக்குக் காரணம். இதே பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற அறிஞர், சரளை மண் தோண்டிய பள்ளம் ஒன்றில் ஆதிமனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியே அன்றுதான் தொடங்கிற்று எனலாம். அப்படியானால், மனிதன் மிகப் பழங்காலம் தொட்டு இந்த மண்ணில் நீர் பருகி வாழ்ந்திருக்கிறான்.

இந்தப் பாறை நீரை உறிஞ்சாது. அதன் மேற்பகுதி சிதைந்து பொடியாகிய மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். மணற்பாங்கான ஊர்களில் இருப்பதைப் போன்ற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இங்கே கிடையாது. மேலே பெய்யும் மழை ஓடிவிடாமல் தேங்கி நின்றால்தான் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இதை நம் முன்னோர் புவியியல் நூல் படிக்காமலே அறிந்திருந்தனர். அதனால்தான் இப்பகுதியில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் ஏரி. செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைப்பர்.

இந்த ஏரிகள் தனித்தனியானவை அல்ல. சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றோடொன்று பிணைந்தவை. ஓர் ஏரி நிரம்பியதும், மிகுந்த நீர் கலங்கலின் மீது வழிந்து, கால்வாய் வழியே அடுத்த ஏரியை அடையும். தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரி நீர் இவ்வாறே படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, பின் கடலில் கலக்கிறது. மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர் அடையாற்றில் சேர்ந்து, முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியே சென்னைக்குச் செல்கிறது. தாம்பரத்தில் ஒரு தெருவில் ஊற்றிய நீர் பள்ளிக்கரணைக்கும், மற்றொரு தெருவில் ஊற்றிய நீர் அடையாற்றுக்கும் போகலாம். இங்கே நாம் செய்யும் அசுத்தம் இங்கேயே நிற்பதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்பொழுது என் கதைக்கு வருகிறேன்.

1990-இல் சிட்லபாக்கத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். பாதாளச் சாக்கடை அக்காலத்தில் அங்கே இல்லை. மனையின் முன்புறம் ஒரு கிணறு. பக்கவாட்டில் செப்டிக் டாங்க்கும் அதன் உறிஞ்சு குழியும். இரண்டுக்கும் இடையே இருபது அடிதான் இருக்கும். மேஸ்திரி, "எல்லோரும் இப்படித்தான் கட்டுகிறார்கள், சார்," என்றார். நானும் இசைந்தேன். கிணற்று நீர் கண்ணாடியைப் போலத் தெளிவாக இருந்தது. சுவையும் நன்றாக இருந்தது. பாட்டியின் கூஜாவை நினைத்துக்கொண்டு அதையே குடித்து வந்தோம்.

1994-இல் ஒரு நாள், வகுப்பில் மாணவர்களுக்கு நைட்ரேட்டுக்குரிய பழுப்பு வளையச் சோதனையைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. வெறும் உப்பைக் கரைத்துக் காட்டுவதை விட, ஊர் நீரைக் கொண்டே செய்து காட்டலாமே என்று எண்ணினேன். கழிவுநீர் கலந்த ஏரியிலிருந்து ஒரு புட்டி நீரும், ஒப்பிடுவதற்காக என் கிணற்றிலிருந்து ஒரு புட்டி நீரும் எடுத்துச் சென்றேன். இரண்டையும் பத்தில் ஒரு பங்காகும் வரை சுண்டக் காய்ச்சினோம். பெர்ரஸ் சல்பேட் கரைசலைச் சேர்த்து, குழாயின் ஓரமாகக் கந்தக அமிலத்தை மெல்ல விட்டோம். ஏரி நீரில் வளையம் தோன்றவில்லை. என் கிணற்று நீரில் பழுப்பு வளையம் பளிச்சென்று தோன்றியது!

மாணவர்கள் சிரித்தார்கள். குழாய்களை மாற்றிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்து மறுபடியும் செய்தேன். மீண்டும் அதே விடைதான் கிடைத்தது. சற்று யோசித்தபோது காரணம் விளங்கிற்று. புதிய கழிவுநீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகவே இருக்கும். அது பிராணவாயு உள்ள மண்ணின் வழியாக இறங்கும்போது, மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் நீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டிக்கொள்ளாது, நிறமும் மணமும் அதற்கு இல்லை. என் உறிஞ்சு குழியிலிருந்து இறங்கியது, மண்ணால் வடிகட்டப்பட்டுத் தெளிவாகி, என் கிணற்றுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது.

அப்போது என் இளைய மகளுக்கு நான்கு மாதம். தாய்ப்பால் போதாமையால், கிணற்று நீரைக் காய்ச்சி ஆற்றி, அதில் பால் மாவைக் கரைத்துப் புகட்டி வந்தோம். காய்ச்சினால் கிருமிகள் சாகும் என்பது உண்மை. ஆனால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகப் போகப் போக, எஞ்சிய நீரில் அதன் அடர்த்தி மிகும். வகுப்பில் புட்டியைச் சுண்டக் காய்ச்சி நான் செய்ததையே, வீட்டு அடுப்பில் என் மனைவியார் குழந்தைக்காகச் செய்துகொண்டிருந்தார். நைட்ரேட் மிகுந்த நீரைப் பருகும் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பூக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். தேர்வுக்குக் கேள்வியாகவும் கொடுத்திருந்தேன்!

அன்று மாலையே வேறு நீருக்கு ஏற்பாடு செய்தேன். குழந்தைக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்த வயிற்றுப்போக்கும் பின்னர் நின்றது. நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியபோது, ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்னும் இந்தியத் தர அளவைப் போல இரு மடங்குக்கும் மேல் நைட்ரேட் இருப்பதாக அறிக்கை வந்தது. மலத்திலிருந்து வரும் பாக்டீரியாக்களும் இருந்தன. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை முப்பத்தொன்பதாம் வயதில், ஆசிரியனாக இருந்துகொண்டு, நான் கற்றேன்.

உலகத்தில் இந்தப் பாடத்தைக் கற்றவர்களுள் நான் முதல்வன் அல்லன். 1854-இல் லண்டன் நகரின் பிராட் தெருவில் காலரா பரவி, 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று அக்காலத்து மருத்துவர் பலர் நம்பினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களிற் பெரும்பாலோர் ஒரே குழாய்க் கிணற்று நீரைப் பருகியவர்கள் என்று நிறுவினார். பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, அக்கிணற்றுக்குச் சில அடி தூரத்திலேயே ஒரு வீட்டின் மலக்குழி சிதைந்து கசிந்துகொண்டிருந்தது தெரிய வந்தது. கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது ஐம்பது அறுபது அடியாவது இருக்கவேண்டும் என்று இன்றைய பொறியியலார் கூறுகின்றனர். அரை கிரவுண்டு மனையில் இது எங்ஙனம் இயலும்? என் குழியைத் தள்ளி வைத்தாலும், அடுத்த வீட்டார் குழி என் கிணற்றுக்கு அருகே வந்துவிடும். ஆகவே இது தனி வீட்டுக்காரர் தீர்க்கக்கூடிய காரியம் அன்று. ஊர் முழுவதற்கும் சாக்கடைத் திட்டம் வேண்டும். வீடுகள் முதலில் வந்துவிட்டன. சாக்கடை பின்னால் மெதுவாக வந்தது. புறநகரின் நீர் கெட்டதற்கு முதற்காரணம் இதுவே.

கிணற்றுக்கு நேர்ந்தது ஏரிக்கும் நேர்ந்தது. கழிவுநீர் ஏரியில் புகுந்தால் என்ன நிகழும்? அதிலுள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் உண்டு பெருகுகின்றன. பெருகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. சோப்புத் தூளிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் பாஸ்பேட், பாசிக்கும் ஆகாயத் தாமரைக்கும் உரமாகிறது. ஆகாயத் தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அதன் ஊதா நிறப் பூவைக் கண்டு மயங்காதவர் இல்லை. ஆனால் அது ஏரியை மூடிவிட்டால் கீழே வெளிச்சம் செல்லாது. பகலில் பாசிகள் பிராணவாயுவை வெளியிடினும், இரவில் அவையும் அதைச் செலவழிக்கவே செய்யும். அதனால்தான் விடியற்காலையில் ஏரி மீன்கள் செத்து மிதக்கக் காண்கிறோம். மீன்களை யாரோ நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்று ஊரார் பேசுவதுண்டு. பல நேரங்களில் அவை மூச்சுத் திணறியே மாண்டவை.

அன்றியும், ஏரிக்கு வரும் கால்வாய்களை அடைத்தோம். கரையில் குப்பையைக் கொட்டினோம். பல்லாவரத்துப் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கம் செல்லும் அகலச் சாலை ஓடுகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிப்போய், அதன் ஒரு பகுதியில் பெருங்குடிக் குப்பை மேடு எழுந்தது. குப்பையின் வழியே மழைநீர் இறங்கும்போது கருநிறச் சாறு ஊறி நிலத்தடி நீரில் கலக்கிறது.

தொழிற்சாலைக் கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோம்பேட்டை என்ற பெயரில் உள்ள 'குரோம்' என்ன என்று மாணவர்களைக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. அது குரோமியம் என்னும் உலோகம். குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் பரிசோதித்துப் பரப்பினார். அதன்பின் இப்பகுதியில் நிறுவப்பட்ட குரோம் லெதர் கம்பெனியின் பெயரே ஊருக்கும் வாய்த்தது. அதற்கு முன்பெல்லாம் ஆவாரம்பட்டையால் பதனிட்டனர்; அதற்குப் பல வாரங்கள் ஆகும். குரோமிய முறையில் சில நாட்களே போதும். பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் ஆலைகள் பெருகின. பல்லாயிரம் குடும்பங்கள் அவற்றால் பிழைத்தன. இதையும் மறக்கலாகாது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 30 முதல் 40 லிட்டர் வரை நீர் செலவாகிறது. அவ்வளவும் கழிவாக வெளியேறும்போது, சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம் ஆகியவற்றைச் சுமந்து வருகிறது. எல்லாவற்றினும் மிகுதியாக வருவது சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டே அதைக் கொண்டுவருகின்றனர். குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். கரிமப் பொருளைப் பாக்டீரியாவுக்கு இரையாக்கலாம். கரைந்த உப்பை மட்டும் சாதாரணச் சுத்திகரிப்பால் நீக்க முடியாது. அது மண்ணுக்குள் இறங்கிவிட்டால், பல ஆண்டு மழையும் அதைக் கழுவிவிடுவதில்லை. கிணற்று நீர் கரிக்கத் தொடங்கிய வீதிகள் எத்தனையோ உண்டு.

தோல் ஆலைகளால் பாலாற்றுப் பகுதி பாழாவதைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்குரிய இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதும், தீங்கு முற்றும் நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு கூறிற்று. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நம் பல்லாவரம் அடங்கிய அன்றைய செங்கை மாவட்டமும் அவற்றுள் ஒன்று. சட்டக் கல்லூரி மாணவர் யாவரும் இன்று படிக்கும் தீர்ப்பு இது. வேலூர் மக்கள் தம் கிணறுகளுக்காக வாதாடியதால் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டக் கொள்கை கிடைத்தது.

இனிக் காற்று. மரங்களுக்கு நடுவே பெரியப்பா இழுத்துவிட்ட காற்றில் இன்று என்ன கலந்திருக்கிறது? ஜி.எஸ்.டி. சாலையில் ஓயாது ஓடும் வண்டிகளின் புகை. கல் உடைக்கும் பட்டறைகளிலிருந்தும் கட்டட வேலைகளிலிருந்தும் எழும் தூசி. தெருமுனையில் எரியும் குப்பை. இவற்றுள் கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளே கொடியது. நம் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். அது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று இரத்தத்திலும் கலக்க வல்லது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது நம் நாட்டு விதி. 5-க்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவுரை கூறியுள்ளது.

1952 டிசம்பரில் லண்டன் நகரை ஐந்து நாட்கள் மூடிய நிலக்கரிப் புகையால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். குளிர்காலத்தில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாகவும் இருந்தால், புகை மேலெழ முடியாமல் மூடியிட்ட பானைக்குள் அகப்பட்டதுபோல் தங்கிவிடும். நம் ஊர் மார்கழி விடியலிலும் இந்நிலை உண்டு. அந்நேரத்தில் போகி என்று சொல்லிப் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிறோம். 2018 ஜனவரி 13 அன்று, போகிப் புகையும் பனியும் சேர்ந்து நம் மீனம்பாக்கம் விமான நிலையத்தையே மறைத்துவிட்டன. விமானங்கள் இறங்க வழியின்றித் திரும்பின. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டையாக்ஸின் என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. அந்தச் சாம்பலும் தூசியும் கடைசியில் விழும் இடம் ஏரி. காற்றின் மாசு நீரின் மாசாகவும் ஆகிவிடுகிறது.

இவற்றின் பயனை இரண்டு முறை கண்ணாரக் கண்டோம். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓர் ஏக்கர் நிலத்தின் மீது மட்டும் சுமார் 20 லட்சம் லிட்டர்! முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. ஏரிச் சங்கிலியின் கண்ணிகளை நாம் அறுத்துவிட்டதால், நீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. என் தெருவில் தாய்மார் நள்ளிரவில் லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்தனர். மூழ்கியதும் இதே ஊர். வறண்டதும் இதே ஊர்.

மாணவச் செல்வங்களே! நம்பிக்கை இழக்கும்படி நான் பேசவில்லை. பெட்ரோலில் ஈயம் கலப்பது மூளைக்குக் கேடு என்று தெரிந்த பின், நம் நாடு 2000-ஆம் ஆண்டுக்குள் அதை அறவே நீக்கியது. தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிக்கரணை 2022-இல் பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு வறட்சியின்போது, சிட்லபாக்கத்து இளைஞர்களும் முதியோரும் வாரந்தோறும் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கியதை நானே கண்டேன். பின்னர் அரசாங்கத்தின் பொருளுதவியால் அந்த ஏரி தூர்வாரிச் சீரமைக்கப்பட்டது.

நீங்கள் செய்யக்கூடியவை என்ன? முதலில் கணக்கிடுங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழும் நீர் ஏறக்குறைய 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாது. நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், நால்வர் வாழும் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் போதும். உங்கள் வீட்டு மழைநீர்க் குழாய் கிணற்றுக்குப் போகிறதா, தெருச் சாக்கடைக்குப் போகிறதா என்று இன்றே பாருங்கள்.

இரண்டாவது, சோதியுங்கள். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள பொருள்களைக் கொண்டே, ஆசிரியரின் துணையோடு, உங்கள் தெருக் கிணறுகளின் நீரைச் சோதிக்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து வீடுகளின் நீரைப் பற்றி நீங்கள் தேதியிட்டு எழுதிய குறிப்புக்கு, ஆயிரம் பேர் போடும் கூச்சலை விட மதிப்பு அதிகம். ஜான் ஸ்நோவின் கையில் இருந்ததும் அத்தகைய குறிப்புகளே.

மூன்றாவது, கேளுங்கள். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் உங்களுக்காக இயற்றப்பட்டவை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆகியிருக்கிறது. உங்கள் வீதிக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் கேட்பதற்கு முன், உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் அதைத் தெரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் ஆயின.

அன்று பால் மாவு குடித்த என் மகள் இன்று வளர்ந்து, தானும் ஒரு தாயாகிவிட்டாள். விடுமுறைக்கு வரும்போது அவள் குழந்தை கிணற்றருகே ஓடி எட்டிப் பார்க்கிறான். உறிஞ்சு குழியை நான் மூடிவிட்டேன். மாடி மழைநீர் முழுவதையும் கிணற்றில் விடுகிறேன். ஆண்டுதோறும் மழைக்குப் பின் நீரைச் சோதிக்கிறேன். நைட்ரேட் குறைந்திருக்கிறது. எனினும் இன்னும் 45-க்குக் கீழே இறங்கவில்லை. செடிகளுக்கு ஊற்றுகிறோம், துணி துவைக்கிறோம், குடிப்பதில்லை. "தாத்தா, இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, ஏன் குடிக்கக் கூடாது?" என்று போன மாதம் அவன் கேட்டான். மேஸ்திரியைக் குறை சொல்லலாம், அண்டை வீட்டாரைக் குறை சொல்லலாம், அரசாங்கத்தையும் சொல்லலாம். "நான்தான் கெடுத்தேன், கண்ணு. இப்போது சரி செய்துகொண்டிருக்கிறேன்," என்றேன்.

அவன் பெரியவனாகும்போது அந்த நீரை அள்ளிக் குடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு என் ஒரு வீட்டு முயற்சி போதாது. உங்கள் வீதியும் என் வீதியும் சேர வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளவே இன்று உங்கள் முன் பேசினேன்.